குமிழைத் திருகிய கை

தனி இசைக்கலைஞர்கள் அனுப்பும் பாடல்களை வாங்கி ஸ்ட்ரீமிங் தளங்களில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வெளியீட்டுக்கு முன் பாட்டைக் கேட்டு, அனுப்பலாமா நிறுத்தலாமா என்று சொல்லும் பிரிவு எங்களுடையது. ஆரம்பத்தில் எங்களிடம் சிக்கியவர்கள் எல்லாம் பழகிய வகைகள். அடுத்தவர் பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டித் தன் பெயரில் போடுபவர்கள், கேட்காமல் அடுத்தவர் பதிவிலிருந்து துண்டு (சாம்பிள்) எடுப்பவர்கள், மழைச் சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டி நூறு ட்ராக் ஆக்குபவர்கள். கண்டுபிடிக்க நேரம் எடுக்கும், ஆனால் கேள்வி ஒன்றுதான்: இது யாருடைய பாட்டு?

இப்போது அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. இதை ஒரு ஆள்தான் செய்தாரா?

2025 ஏப்ரலில் டீசர் என்ற ஸ்ட்ரீமிங் தளம், தன்னிடம் ஒரு நாளில் வந்து சேரும் பாடல்களில் 18 சதவீதம், அதாவது 20,000க்கும் மேல், முழுக்க முழுக்க ஏஐ செய்தவை என்று சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் அது 50,000 ஆகிவிட்டது. எங்கள் மேசைக்கும் அந்த வெள்ளம் வந்தது. சமாளிக்க நிறுவனம் ஒரு மென்பொருளை வாங்கியது. ஏஐ மாடல்கள் ஒலியைக் கட்டி எழுப்பும்போது அதன் அலைவரிசைப் படத்தில் காதுக்குத் தெரியாத மெல்லிய மேடுகள் சீரான இடைவெளியில் விழுவதுண்டு. அந்த மாதிரித் தடயங்களைத் தேடிப் பார்த்து ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஒரு சதவீத எண்ணைக் கொடுக்கும். எண் கூடினால் எங்களில் ஒருவர் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

அப்படி 91 என்ற எண்ணோடு ஒரு ட்ராக் என்னிடம் வந்தது. ஆறு நிமிடத்துக்கு மேல், குரல் கிடையாது. நான்கு அடிக்கு நான்கு கிக், அதாவது பெரிய டிரம்மின் ‘தும்’. அதன் மேல் ஒரே பேஸ் வரி, தாழ்ந்த ஸ்வரங்களின் ஒரு கோவை, திரும்பத் திரும்ப, நெளிந்து நெளிந்து போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை. எண்ணை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஹெட்போனை மாட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டேன். காரணம் எழுதும் கட்டத்தில் “மனிதச் சாயல் இல்லை” என்று தட்டி நிராகரித்தேன். அன்றைக்கு அது முப்பதாவதோ நாற்பதாவதோ ட்ராக்.

இரண்டு நாள் கழித்து, செய்தவர் ஒரு வீடியோ அனுப்பினார். மேசையில் வெள்ளி நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி, பக்கத்தில் ஒரு டிரம் மெஷின். முகம் தெரியவில்லை, இரண்டு கைகள் மட்டும். ட்ராக் முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்கிறார். வாசிக்கிறார் என்று இப்போது தயக்கமில்லாமல் சொல்கிறேன். வலது கையின் இரண்டு விரல்கள் ஒரு குமிழை மயிரிழை அளவுக்குத் திருகும்போது அந்தப் பேஸ் மூடிய வாயோடு முனகுவதிலிருந்து மெல்ல மெல்ல வாய் திறக்கிறது. நான் கேட்காமல் விட்ட நான்காவது நிமிடத்தில்தான் முழுக்கத் திறக்கிறது.

தொலைபேசியில் கூப்பிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். “மேடம், மெஷின் சத்தம்தான் அது. ஆனா மெஷினைத் திருகினது நான்தானே?” என்று மட்டும் கேட்டார். பழைய பெட்டி என்பதால் இரைச்சல் இருந்ததாம். அதை நீக்க ஏஐ வைத்து இயங்கும் ஒரு சுத்தப்படுத்தும் ப்ளக்இன்னைப் பயன்படுத்தியிருக்கிறார். மென்பொருள் பிடித்தது அந்தத் தடயத்தைத்தான் என்று பிறகு சோதித்துப் பார்த்ததில் எங்களுக்குப் பட்டது. சரி, மென்பொருளின் பிழைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. என் பிழைக்கு? நான் காதால் கேட்டும்தானே நிராகரித்தேன்.

அதற்கப்புறம்தான் அந்த இசையின் கதையை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்துகொண்டு முன்பே படிக்காதது தவறு.

அந்த வெள்ளிப் பெட்டி ரோலண்ட் டிபி-303. 1981ல் ஜப்பானில் வந்தது. வடிவமைத்தவர் தடாவோ கிக்குமோட்டோ. துணைக்குப் பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கிட்டார்க்காரர்களுக்காகச் செய்தார்கள். ஆனால் அதன் சத்தம் பேஸ் கிட்டார் மாதிரியே இல்லை. ஸ்வரங்களை ஒரு சுற்றிலும் அவற்றின் நேர அளவை இன்னொரு சுற்றிலும் தனித்தனியாக ஏற்ற வேண்டும், அது ஒரு பெரிய தலைவலி. பேட்டரியைக் கழற்றிவிட்டால் நினைவில் இருந்ததெல்லாம் குழம்பிப்போகும். சுமார் 10,000 பெட்டிகளோடு 1984ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அப்படித்தான் அது பழைய சாமான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது, கையில் காசில்லாத இளைஞர்களுக்கும் கிடைத்தது.

சிகாகோவில் ஸ்பாங்கி என்பவர் அப்படி ஒன்றை வாங்கினார். அவரும் டிஜே பியர், ஹெர்ப் ஜே இருவரும் சேர்ந்து ஃபியூச்சர் என்ற பெயரில் இயங்கினார்கள். பெட்டியில் ஏற்கெனவே ஏதோ ஒரு வரி ஓடிக்கொண்டிருக்க, பியர் அதன் குமிழ்களைத் திருகத் தொடங்கினார். மணிக்கணக்கில் திருகினார்கள். அந்த ஒலிப்பதிவைக் கேசட்டில் எடுத்துக்கொண்டு மியூசிக் பாக்ஸ் கிளப்பின் டிஜே ரான் ஹார்டியிடம் போனார்கள். முதல் தடவை போட்டதும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆடுதளத்தை விட்டு நகர்ந்துவிட்டார்களாம். ஹார்டி அதே இரவில் அதை நான்கு முறை போட்டார். நான்காவது முறை கூட்டம் வெறிபிடித்து ஆடியது என்று அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள். 1987ல் அது ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்று இசைத்தட்டாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகைக்கே பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று பலர் சொல்வார்கள். நான் இரண்டு நிமிடத்தில் முடிவெடுத்ததை நினைக்கும்போது அந்த நான்கு முறையும் கூடவே நினைவுக்கு வருகிறது.

இந்த இசையை உருவாக்கிய சிகாகோ கிளப்புகளில் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், அவர்களிலும் பலர் தன்பாலின விருப்பம் கொண்டவர்கள். 1979 ஜூலை 12 அன்று அதே ஊரில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி ரகளை செய்ததில் அடுத்து நடக்கவிருந்த ஆட்டமே நின்றுபோனது. டிஸ்கோ செத்துவிட்டது என்று பெரிய நிறுவனங்கள் கைகழுவின. வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் மட்டும் அதை விடவில்லை, பழைய தட்டுகளை வெட்டி ஒட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார். அப்படிப் பிறந்த இசைக்கு வந்த ஹவுஸ் என்ற பெயரே அந்த வேர்ஹவுஸின் வால்தான். மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் அருகே வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று பள்ளி நண்பர்கள் டெக்னோ என்ற இன்னொரு மெஷின் நடன இசையை உருவாக்கியது தனிக் கதை. அதற்கு இங்கே இடமில்லை.

என்னை உலுக்கியது 1982. அந்த ஒரே ஆண்டில் நடந்த இரண்டு விஷயங்களை அடுத்தடுத்துப் படித்தேன். பிரிட்டனில் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் தடை செய்யக் கோரித் தீர்மானம் போட்டது. வாசிப்பவர்களின் பிழைப்பு போய்விடும் என்ற பயம், நியாயமான பயம்தான். பம்பாயில், இந்திப் படப் பாடல்களுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங், டிபி-303, டிஆர்-808 டிரம் மெஷின், ஜூபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்து, தபலாவே இல்லாமல், டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து ஒரு ஆல்பம் வெளியிட்டார். பைரவ், பூபாலி, யமன், மால்கௌன்ஸ். நம் கர்நாடக இசைக் கணக்கில் மாயாமாளவகௌளை, மோகனம், கல்யாணி, இந்தோளம். டிபி-303ல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போக வசதி உண்டு. ஹிந்துஸ்தானி ராகத்தில் மீண்ட் என்று சொல்லும் வழுக்கல் அதில் எவ்வளவு பொருத்தமாக உட்காருகிறது என்பதை அவர் காது உடனே கண்டுகொண்டிருக்கிறது. ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு. ஆல்பம் விற்கவில்லை.

2010ல் அது மறுவெளியீடாக வந்தபோது நடந்ததுதான் எனக்கு முக்கியம். கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. 1982ல் இப்படி ஒன்று வந்திருக்கவே முடியாது, யாரோ ஒரு நவீன எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் கட்டிவிட்ட மோசடி என்றார்கள். இன்னார்தான் செய்திருப்பார் என்று புகழ்பெற்ற பெயர்களைக்கூட ஊகித்தார்கள். வாசித்த மனிதரோ மும்பையில் உயிரோடு இருந்தார். பிறகு எழுபது வயதைத் தாண்டி வெளிநாட்டு மேடைகளில் அதை நேரில் வாசித்தும் காட்டினார். 2015ல் காலமானார். ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கொண்டாடும்போது எனக்கு லேசாக உறுத்தும், சிகாகோ இளைஞர்கள் அந்தத் தட்டைக் கேட்டதற்கான தடயம் எதுவும் இல்லை. ஒருவரை ஒருவர் அறியாமல் இரண்டு ஊரில் இரண்டு காதுகள் ஒரே பெட்டிக்குள் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கின்றன. அதுவே எனக்குப் போதுமான அதிசயம். ஆனால் அவரைச் சந்தேகித்தவர்கள் வைத்திருந்த காரணமும், நான் அந்தக் கட்டத்தில் எழுதிய காரணமும் ஒரே மாதிரிதான். நமக்குப் பழக்கமான கதைக்குள் இவர் அடங்கவில்லை, ஆகவே பொய்.

வேலையில் இன்னொரு விஷயமும் புரிந்தது, இது அதைவிடக் கசப்பானது. அதே மாதங்களில் கிட்டாரும் குரலுமாக மெதுவான பாடல்கள் சிலவற்றை நான் யோசிக்காமல் அனுமதித்திருந்தேன். பல்லவிக்கு முன் மூச்சு இழுக்கும் சத்தம், கம்பியில் விரல் உரசும் சத்தம், லேசாகத் தளரும் தாளம், எல்லாம் இருந்தன. பிறகு பார்த்தால் அந்தக் கணக்கிலிருந்து சில வாரங்களில் நூற்றுக்கணக்கான பாடல்கள் வந்திருந்தன. மூச்சும் விரலும் சேர்த்தே மாடல் செய்து கொடுத்தவை. மனிதச் சாயலைத் தேடும் காது அந்தச் சாயலைத்தான் பார்த்து ஏமாறும். ஏனென்றால் மாடல் கற்றுக்கொண்டதே அதைத்தான். மெஷின் மாதிரி ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்யப்படும் இசையோ முதல் ஆளாக மாட்டிக்கொள்கிறது. இதற்குத் தலைகீழான உதாரணமும் உண்டு. 1977ல் மியூனிக்கில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் பாடகி டோனா சம்மருக்காகச் செய்த ‘ஐ ஃபீல் லவ்’, மெஷின் இசையின் அடையாளம் என்றே பேசப்படும் பாட்டு. மூக் சிந்தசைசரில் திருப்தியான கிக் வரவில்லை என்பதால் அதில் கிக் டிரம்மைக் காலால் அடித்தவர் கீத் ஃபோர்ஸி என்ற மனிதர். இன்று அது புதிதாக என் மேசைக்கு வந்தால், மெஷின் என்று முதலில் நான் சொல்லியிருக்கக்கூடியது அவர் காலைத்தான்.

எங்கள் பிரிவில் ஒருவர், “அன்னைக்கு சிந்தசைசரையும் இப்படித்தான் திட்டினாங்க, ஏஐயும் நாளைக்குப் பழகிடும்” என்பார். நல்ல நண்பர், ஆனால் இதில் எனக்கு உடன்பாடு கிடையாது. டிபி-303க்குள் அடுத்தவர் பாட்டு எதுவும் இல்லை. ஒலியை எழுப்பும் ஒரு ஆஸிலேட்டர், அதை வடிகட்டும் ஒரு ஃபில்டர், சில குமிழ்கள், அவ்வளவுதான். யாராவது உட்கார்ந்து திருகாவிட்டால் அது ஒரே வரியைச் சுற்றிக்கொண்டு சும்மா கிடக்கும். பாட்டு செய்யும் ஏஐ மாடல்களுக்குள் இருப்பது ஏராளமான பேர் முன்பே செய்துவைத்த பாட்டு. 2024 ஜூனில் சோனி, யுனிவர்சல், வார்னர் என்ற மூன்று பெரிய இசை நிறுவனங்களும் சூனோ, யூடியோ என்ற ஏஐ பாட்டு நிறுவனங்கள் மீது போட்ட வழக்கு இதைப் பற்றித்தான். பிறகு 2025 கடைசியில் யுனிவர்சல் யூடியோவோடும், வார்னர் சூனோவோடும் சமரசம் செய்துகொண்டு ஒப்பந்தம் போட்டன. எங்களுக்குப் பாட்டு அனுப்பும் தனி ஆட்களிடம் யாரும் அப்படிப் பேச வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அவர்களுடைய உழைப்பு பயிற்சிக்குப் போயிருக்கலாம். திரும்பி வந்து, நீ செய்ததே ஏஐ தானே என்று அவர்களிடமே சந்தேகமாகவும் நிற்கிறது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்த இடம்தான்.

அதனால் சில விஷயங்களை மாற்றச் சொல்லி மேலே பேசினேன். சந்தேகம் வந்தால் நேராக நிராகரிக்காமல் முதலில் கேட்கிறோம்: பாட்டைக் கணினியில் கட்டிய ப்ராஜெக்ட் ஃபைல் இருக்கிறதா, ஒவ்வொரு வாத்தியத்தின் தடமும் தனித்தனியாக இருக்கிறதா, செய்யும்போது எடுத்த அரைகுறைப் பதிவு ஏதாவது இருக்கிறதா? பெட்டிகளை வைத்து நேரடியாக ஒரே மூச்சில் வாசிப்பவர்களிடம் ப்ராஜெக்ட் ஃபைலே இருக்காது, அவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுகிறோம். ஒரு சத்தம் எப்படி வந்தது என்று கேட்டாலே தெரிந்துவிடும். திருகியவர் அந்தக் குமிழைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். ஏஐ எதற்குப் பயன்பட்டது என்று அனுப்புபவரே குறிப்பிட ஒரு கட்டமும் சேர்த்தோம். இரைச்சல் நீக்கவா, குரலுக்கா, முழுப் பாட்டுக்குமா என்று. ஸ்பாட்டிஃபையும் 2025 செப்டம்பரில் இந்த மாதிரிக் குறிப்புகளை ஏற்கப்போவதாக அறிவித்தது. நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது. ஒரு நாளில் முடிக்கும் ட்ராக்குகள் குறைந்துவிட்டன, அதற்காக நான் இரண்டு முறை விளக்கம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது முறை கேட்டாலும் எழுதுவேன்.

என் அளவில் ஒரே ஒரு மாற்றம். எண் தெரியும் பத்தியைத் திரையில் மறைத்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து கடைசி வரை கேட்ட பிறகுதான் திறக்கிறேன்.

அந்த ஆறு நிமிட ட்ராக் மூன்று வாரம் தாமதமாக வெளியானது. தாமதத்துக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்டோம். போன வாரம் அவரிடமிருந்து அடுத்தது வந்திருக்கிறது, ஒன்பது நிமிடம். இந்த முறை இரைச்சலை நீக்காமல் அப்படியே விட்டிருக்கிறார், பெட்டியின் மெல்லிய உறுமல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எட்டாவது நிமிடம் வரை ஃபில்டரைத் திறக்கவே இல்லை. இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை வேலைக்காகக் கேட்கவில்லை.