இறக்கை நுனியில் டேங்க் வைத்த குட்டி ஜெட்: அடையாளம் காணும் வேலை இதுவரை

சிறிய விமானத் தளத்தின் மேல் வழக்கமாகச் சுற்றுவது செஸ்னா 172 மாதிரி புரொப்பெல்லர் விமானங்கள்தான். அங்கே தெரியாத ஜெட் ஒன்று வந்தால், பெயரைத் தேடுவதற்கு முன்பே பார்த்ததை எழுதிவிட வேண்டும். பெயர் ஒன்று மனதில் விழுந்துவிட்டால் கண் அதற்கேற்ற அடையாளங்களை மட்டும்தான் பொறுக்கும். இந்த ஜெட்டின் முதல் குறிப்பு: தாழ்ந்த, ஏறக்குறைய நேரான இறக்கை; இறக்கை நுனிகளில் சுருட்டு வடிவ எரிபொருள் டேங்க்; நீளமான காக்பிட் கண்ணாடி; பழுப்பும் பச்சையும் கலந்த ராணுவ வண்ணம்.

வண்ணத்தை அப்போதே கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். தனியார் கையில் இருக்கும் பழைய பயிற்சி ஜெட்கள் உரிமையாளரின் ஆசைப்படி வேடம் போடும். சோவியத் பாணி சிவப்பு நட்சத்திரம் இருந்தால்கூட அது எந்த நாட்டு விமானம் என்பதற்குச் சாட்சி ஆகாது.

நுனி டேங்க் நல்ல துப்புதான், ஆனால் அது இருக்கும் விமானங்கள் நிறைய: லியர்ஜெட் 35, எக்லிப்ஸ் 500, ஃபூகா மஜிஸ்டர், மொரான்-சோல்னியே பாரிஸ், டி-33, ஜெட் ப்ராவோஸ்ட், எம்பி-326, எம்பி-339, செக்கோஸ்லோவாக்கியப் பயிற்சி ஜெட்டான எல்-39. கூட்டத்தைக் குறைப்பது வால். படத்தில் கிடைவால் (வாலில் படுத்திருக்கும் சிறு இறக்கை) நிமிர்வாலின் (செங்குத்தாக நிற்கும் துடுப்பின்) அடியில், உடலோடு ஒட்டி இருந்தது. கிடைவால் உச்சியில் உட்கார்ந்திருக்கும் லியர்ஜெட், எக்லிப்ஸ், பாரிஸ் மூன்றும் போயின. ஃபூகாவுக்கு வி வடிவ வால், அதுவும் போயிற்று.

மிச்சமுள்ளவற்றைப் பிரிப்பது காற்று வாய், அதாவது எஞ்சினுக்குக் காற்று நுழையும் திறப்பு. எம்பி-326, 339 இரண்டிலும் அது இறக்கையின் வேரில் இருக்கும். டி-33, ஜெட் ப்ராவோஸ்ட் இரண்டிலும் இறக்கைக்கு முன்னால், உடலின் பக்கவாட்டில். எல்-39இல் மட்டும் பின் இருக்கைக்குப் பின்னால், இறக்கைக்கு மேலே, தோள்பட்டை மாதிரி உயரமாக நிற்கும். ஓடுபாதையின் கல், தூசியை எஞ்சின் உறிஞ்சாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், கீழிருந்து பார்க்கும்போது இறக்கையே அந்த வாயை மறைத்துவிடும். கிடைத்த படங்களில் பெரும்பாலானவை வயிற்றுப் பக்கம்தான்.

ஆகவே அளவு விகிதம். விமானம் நேர் தலைக்கு மேல் இருக்கும் படத்தில் நுனிக்கு நுனி இறக்கை அகலத்தையும் உடல் நீளத்தையும் பிக்சலில் அளந்து, அகலத்தை நீளத்தால் வகுக்க வேண்டும். எல்-39 நீளம் 12.13 மீட்டர், அகலம் 9.46, விகிதம் 0.78. டி-33, ஜெட் ப்ராவோஸ்ட், எம்பி-339 எல்லாமே 1-ஐ ஒட்டித்தான் வரும். இவ்வளவு இடைவெளி இருக்கும்போது மங்கலான படம்கூடப் போதும் என்று தோன்றும். ஆனால் இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். தளத்தைச் சுற்றும் விமானம் பாதி நேரம் திரும்பிக்கொண்டே இருக்கும். 40 பாகை சாய்ந்தால் கீழிருந்து தெரியும் அகலம் 0.77 மடங்காகச் சுருங்கும். உண்மையில் 1 விகிதமுள்ள விமானம் அச்சு அசலாக எல்-39 கணக்கைக் காட்டும்! இடது, வலது இறக்கைகள் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் உதவாது, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சுருங்கும். பார்க்க வேண்டியது நிமிர்வாலை. அது உடலுக்குப் பின்னால் முழுக்க மறைந்திருந்தால் விமானம் சமநிலையில் இருக்கிறது. ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் அந்தப் படத்தைத் தள்ளிவிட வேண்டியதுதான். நிமிர்வால் மறைந்த படங்களில் கிடைத்த விகிதம் 0.77க்கும் 0.80க்கும் இடையில். எல்-39 என்பதற்கு இது போதும்.

படம் எடுப்பதில்: ஜெட்டுக்கு சுழலும் புரொப்பெல்லர் கிடையாது, அது படத்தில் உறைந்து நின்றுவிடுமே என்ற கவலையும் இல்லை, எனவே ஷட்டரை 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாகத் தைரியமாக வைக்கலாம். பளிச்சென்ற வானத்துக்கு எதிரே வயிறு வெறும் கறுப்பு நிழலாகிவிடும். எக்ஸ்போஷரை +1 ஏற்றினால் வேகத்தடைத் தகடுகள், சக்கரக் கதவுகளின் கோடுகள் தெரியும். நண்பகலில் ஓடுபாதை மேல் எடுக்கும் படங்கள் கானலில் நெளியும், எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது.

ரேடியோ பக்கம்: கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரேடியோ டாங்கிள், விமான சிக்னல்களைப் படிக்கும் டம்ப்1090 மென்பொருள், 69 மி.மீ. நீளமுள்ள (அலைநீளத்தில் கால் பங்கு) ஆன்டெனா. 1090 மெகாஹெர்ட்ஸில் கிடைத்தது விமானத்துக்கு விமானம் வேறுபடும் ஆறு இலக்க ஹெக்ஸ் அடையாள எண்ணும் உயரமும் மட்டும், இடம் வரவில்லை. ஏடிஎஸ்-பி (தன் இடத்தைத் தானே அறிவிக்கும் வசதி) இல்லாத மோட் எஸ் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் சொல்லும் விமானக் கருவி) இப்படித்தான் பேசும். இடம் தெரியாதபோது எந்த ஹெக்ஸ் இந்த ஜெட்டுடையது என்பதை உயர மாற்றத்தை வைத்துத்தான் பொருத்த வேண்டும். அந்த உயரம் 1013 ஹெக்டாபாஸ்கல் என்ற நிலையான காற்றழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. அன்றைய காற்றழுத்தம் 1003 என்றால் திரையில் ஏறக்குறைய 300 அடி கூடுதலாகத் தெரியும். இதைக் கழிக்காமல் விட்டால் சரியான விமானத்தையே ‘உயரம் ஒத்துவரவில்லை’ என்று ஒதுக்கிவிடுவோம். ஹெக்ஸ் கிடைத்தாலும் தரவுத்தளத்தில் வகைப் பெயர் காலியாகவோ தவறாகவோ இருக்கலாம், அதனால் படத்தின் முடிவுக்குத்தான் முதல் மரியாதை.

இனி உட்பிரிவு. எல்-39என்ஜியில் நுனி டேங்க் இல்லை, எனவே இது அந்த வகை அல்ல. எல்-59க்கு மூக்கு நீளம். எல்-39இசட்ஏவின் வயிற்றில் துப்பாக்கிப் பொதி இருக்கும், இங்கே எதுவும் தெரியவில்லை. இறக்கைக்கு அடியில் சி வகைக்கு இரண்டு பைலன்கள் (ஆயுதம் முதலியவற்றைத் தொங்கவிடும் தாங்கிகள்), இசட்ஓ வகைக்கு நான்கு. படத்தில் இரண்டு. பைலன்களைக் கழற்றிவிட்டுப் பறப்பதும் உண்டு என்பதால் பேரேட்டில் இப்போதைக்கு ‘எல்-39, அநேகமாக சி’. பதிவெண் படிக்கும்படி ஒரு பக்கவாட்டுப் படம் கிடைத்தால், பதிவுப் பட்டியலில் தயாரிப்பு எண்ணைப் பிடித்து வகையை உறுதி செய்யலாம்.