கியேரோ, கெரேமோஸ்

மார்ச் 3, திங்கள்

நிகழ்காலம் தொடங்கியாயிற்று. ஸ்பானிய வினைகள் ஆர், ஏர், இர் என்று மூன்று விதமாக முடிகின்றன. பேசுவதற்கு அப்லார், சாப்பிடுவதற்கு கோமேர், வாழ்வதற்கு பிபிர். முடிவைக் கழற்றிவிட்டு விகுதியை மாட்டினால், நான், நீ, அவன்/அவள், நாம், நீங்கள் எல்லோரும், அவர்கள் என்ற வரிசையில் அப்லோ, அப்லாஸ், அப்லா, அப்லாமோஸ், அப்லாயிஸ், அப்லான்.

‘நான்’ என்பதற்கு யோ. அதைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அப்லோ என்றாலே பேசுவது நான்தான். ‘வரேன்’, ‘போறேன்’ என்றே பேசி வளர்ந்தவர்களுக்கு இதில் சிரமமே இல்லை. ஆனால் அவனா அவளா என்று விகுதி காட்டிக்கொடுக்காது. போதாததற்கு, ஒருவரை மரியாதையாக ‘நீங்கள்’ என்று சொல்லும் ‘உஸ்தெத்’துக்கும் அதே அப்லாதான்.

மார்ச் 6, வியாழன்

இணையத்தில் பாடம் எடுக்கும் ஆசிரியை அர்ஜென்டினாவின் ரொசாரியோக்காரர். அப்லாயிஸ் வரியை இப்போதைக்கு விட்டுவிடச் சொன்னார். அது ஸ்பெயினில் நண்பர் கூட்டத்திடம் பேசுவது. லத்தீன் அமெரிக்காவில் யாராக இருந்தாலும் உஸ்தேதெஸ், அப்லான். மாட்ரிட் போகிற நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 10, திங்கள்

இன்றுதான் விஷயமே ஆரம்பித்தது. கெரேர் என்றால் விரும்புவது. கெரோ என்று வரும் என்று பார்த்தால் கியேரோ. கியேரெஸ், கியேரே, கியேரென். நடுவில் கெரேமோஸ் மட்டும் பழையபடி. போதேர் (முடிவது) கூட அப்படியே: புவேதோ, ஆனால் போதேமோஸ். பாடநூல் மாறும் வடிவங்களைச் சுற்றிக் கோடு இழுத்து, பூட்ஸ் போல இருக்கிறது, மனப்பாடம் செய் என்கிறது. காரணம் சொல்லாத மனப்பாடம் எனக்கு ஒட்டாது.

ஆசிரியை காரணத்தைச் சொன்னார்: அழுத்தம், அதாவது சொல்லில் எந்த அசையை ஓங்கி உச்சரிக்கிறோம் என்பது. லத்தீனின் குறில் எகரமும் ஒகரமும் அழுத்தம் விழுந்த இடத்தில் இயே, உவே என்று பிளந்தன; விழாத இடத்தில் அப்படியே நின்றன. கியேரோவில் அழுத்தம் வேரில், கெரேமோஸில் விகுதியில். வினையில் மட்டுமல்ல, எண்களிலும் இது உண்டு. ஏழு சியேதே, எழுபது செதென்தா. ஒன்பது நுவேபே, தொண்ணூறு நொபென்தா.

சிக்கல் என்னவென்றால், தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. நம் காது அதைத் தேடுவதே கிடையாது.

மார்ச் 15, சனி

எல்லா ஒகரமும் பிளக்காது. ஓடுவதற்கு கோர்ரேர், நான் ஓடினால் கோர்ரோ. லத்தீனில் அந்த இடத்தில் இருந்தது உகரமாம். ஆக, எது பிளக்கும் என்பதை வினை வினையாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே பிளக்கும் என்பதற்குத்தான் விதி.

அந்த விதிக்கு ஆசிரியையின் ஊர்ப்பேச்சே சாட்சி. அங்கே ‘நீ’ என்பதற்கு து இல்லை, போஸ். ‘உன்னால் முடியும்’ என்பது புவேதெஸ் அல்ல, போதேஸ். கியேரெஸ் அல்ல, கெரேஸ். அழுத்தம் விகுதிக்கு நகர்ந்ததும் வேர் சாதுவாகிவிட்டது. விதிவிலக்கு என்று பட்டியல் போட்டிருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது.

மார்ச் 22, சனி

கேட்டு வாங்குவதற்கு பெதிர்: பிதோ, பிதெஸ், பிதே, பெதிமோஸ், பிதென். இங்கே எகரம் இகரமாகிறது, இடம் மட்டும் அதே இடம்.

பிறகு ‘கோ’ கூட்டம். செய்கிறேன் ஆகோ, வைக்கிறேன் போங்கோ, கிளம்புகிறேன் சால்கோ. நானுக்கு மட்டும் இந்தச் சலுகை. தெனேர் (வைத்திருப்பது) தான் இடிக்கிறது: தியேனெஸ், தியேனே, தெனேமோஸ், தியேனென் எல்லாம் சரி. தெங்கோவில் அழுத்தம் வேரில்தான் விழுகிறது, ஆனாலும் தியெங்கோ ஆகவில்லை. வருகிறேன் என்னும் பெங்கோவும் அப்படியே. திங்கட்கிழமை வகுப்பில் கேட்க வேண்டும்.