குப்பை சூடு ஆறட்டும்

புரட்டாசியில் மஞ்சள் செடியைப் பிடித்து இழுத்தால் வரக்கூடாது. வந்தால் தொலைந்தோம். நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்தின் கிழக்கு மூலையில் அப்படி வந்தது. இழுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, சும்மா தூக்கினேன், கையோடு வந்துவிட்டது. அடித்தண்டு வெந்த வாழைத்தண்டு மாதிரி கொழகொழவென்று இருந்தது. கிழங்கை அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. நாற்றம் வேறு. கீழ் இலைகள் ஓரத்திலிருந்து பழுத்துக்கொண்டு வந்ததைப் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சத்து பத்தவில்லை போலிருக்கிறது என்று ஒரு கை யூரியா கூடப் போட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

எங்களுடையது ஒன்றரை ஏக்கர், காளிங்கராயன் வாய்க்கால் பாசனம். தண்ணீருக்குக் குறைவில்லை, அதுதான் தொந்தரவே. கிழங்கு அழுகலைக் கொண்டுவரும் பித்தியத்தைப் பூஞ்சை என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது பூஞ்சை இல்லை, பாசிகளுக்குத்தான் நெருங்கிய உறவு. அதன் வித்துகளுக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்தும். பாரில், அதாவது செடி நட்ட வரிசையில், தண்ணீர் தேங்கி நின்றால் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு நீந்தியே போய்விடும். எங்கள் தோட்டத்திலும் தண்ணீர் ஓடிய வழியிலேயே, கோடு கிழித்த மாதிரி, செடிகள் பழுத்து நின்றன.

அந்த வருடம் காப்பர் மருந்தை வேரில் ஊற்றி மிச்சத்தைக் காப்பாற்றினோம். அடுத்த வருடம் எருவோடு டிரைகோடெர்மா விரிடி என்ற பூஞ்சையைப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரருக்கு நம்பிக்கை இல்லை. "பூஞ்சைக்குப் பூஞ்சையா?" என்றார்.

ஆமாம், பித்தியத்தையும் பூஞ்சைக் கணக்கில் சேர்த்தால், பூஞ்சைக்குப் பூஞ்சைதான். டிரைகோடெர்மா இன்னொரு பூஞ்சையைக் கண்டால் கொடி மாதிரி சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைத்து உள்ளே இருப்பதைச் சாப்பிடும். கலிபோர்னியாவில் வைன்ட்லிங் என்பவர் 1932-லேயே இதைப் பார்த்து எழுதிவிட்டார். எனக்குப் பிடித்தது இன்னொரு கதை. இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மட்கி மட்கிப் போயின. அந்தக் கூடாரத்துணியிலிருந்து பிடித்தது இதே இனத்தில் இன்னொரு வகையை. பருத்தி என்பது செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். பித்தியத்தின் சுவரிலும் செல்லுலோஸ் உண்டு. கூடாரத்தையே தின்கிற கூட்டத்துக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று எனக்கு ஒரே தைரியம்.

அந்த தைரியத்தில்தான் தப்பு செய்தேன். சாணம், மஞ்சள் தழை, கரும்புச் சோகை எல்லாம் போட்டுக் குவித்து இரண்டு வாரம்கூட ஆகாத குப்பைமேட்டில் இரண்டு கிலோ பாக்கெட்டை உடைத்துக் கொட்டினேன். வேலைக்கு வரும் ஆத்தா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, குப்பை பொகைஞ்சுக்கிட்டு இருக்குது, அதுல போயி என்னத்தக் கொட்டறே?" என்றது. விடிகாலையில் மேட்டிலிருந்து ஆவி போய்க்கொண்டுதான் இருந்தது. நான் காதில் வாங்கவில்லை.

மட்கும் குப்பையின் நடுவில் 60 டிகிரிக்கும் மேலே சூடு ஏறும். டிரைகோடெர்மாவுக்கு ஒத்து வருவது 25, 30 டிகிரி. பாக்கெட்டில் இருப்பது பெரும்பகுதி டால்க், முகத்துக்குப் பூசுகிற பவுடர் செய்கிற அதே பொருள். அதில் ஒட்டிக்கொண்டிருந்த உயிரெல்லாம் வெந்து போனது. ஆக, அந்த வருடம் நான் குப்பைக்குப் பவுடர் பூசினேன், அவ்வளவுதான்.

சூடு வேண்டாம் என்று சொல்லவில்லை. நோய்க்கிருமியும் களை விதையும் சாவது அந்தச் சூட்டில்தான். ஆனால் சூடு நல்லது கெட்டது பார்க்காது. ஆறிய பிறகு மேட்டின் ஓரத்திலிருந்து நுண்ணுயிர்கள் மறுபடி உள்ளே குடியேறும். அப்போது எது முந்திக்கொண்டு வருகிறது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நமக்கு வேண்டியதை நாமே குடிவைக்க அதுதான் நேரம். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹாய்டிங்க் என்பவர் மரப்பட்டை மட்கை வைத்து, நாற்றங்கால்காரர்களுக்காகப் பல வருடம் ஆராய்ந்தது இதைத்தான்.

இன்னொன்று, குப்பை பச்சையாகவும் இருக்கக்கூடாது. பாதி மட்கிய குப்பையில் சர்க்கரைச் சத்து நிறைய இருக்கும். பந்தியில் இலை போட்டுப் பரிமாறும்போது வேட்டைக்கு யார் போவார்கள்? டிரைகோடெர்மாவும் அதைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும், பித்தியத்தைத் திரும்பிப் பார்க்காது. பித்தியமும் அதே பந்தியில் உட்கார்ந்து கொழுக்கும்.

இரண்டாவது வருடம் சூடு ஆறும்வரை காத்திருந்தேன். கடையில் கொடுத்த பாக்கெட் தேதி முடிந்து ஐந்து மாதம் ஆனது என்பதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். குப்பையும் காய்ந்து தூள் தூளாகக் கிடந்தது. அந்த வருடத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

போன வருடம்தான் ஒழுங்காகச் செய்தேன். குப்பைக்குள் கடப்பாரையைச் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டால் சும்மா வெதுவெதுப்புகூட இல்லை. தழை எது, சாணம் எது என்று தெரியாத அளவுக்கு மட்கியிருந்தது. அதில் 90 கிலோ, இடித்த வேப்பம்புண்ணாக்கு 10 கிலோ, டிரைகோடெர்மா ஒரு கிலோ. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும், கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்கவேண்டும். அந்த ஈரத்துக்குத் தண்ணீர் தெளித்து, மாட்டுக்கொட்டகை நிழலில் பரப்பி, நனைத்த சாக்கால் மூடினேன். ஐந்தாம் நாள் சாக்கைத் தூக்கினால் சிலந்திவலை மாதிரி வெள்ளை நூல். ஒரு தடவை புரட்டிவிட்டேன். பத்தாம் நாள் அங்கங்கே பச்சை, பழைய செப்புப் பாத்திரத்தில் பூத்திருக்குமே, அந்தப் பச்சை. புண்ணாக்கு வாடை போய் முதல் மழைக்கு மண் மணக்குமே, அது வந்தது. வீட்டுக்காரர் குனிந்து மோந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் அதைத் தொழு உரத்தோடு சேர்த்து, மண் அணைக்கும்போது தூரில் வைத்தோம். அதற்கு முன்னும் பின்னும் பதினைந்து நாள் காப்பர் மருந்து எதுவும் பக்கத்தில் வரவில்லை. காசு கொடுத்து வளர்த்ததை நாமே கொல்வானேன்.

கிழக்கு மூலையில் நாலு பாருக்கு மட்டும் வெறும் தொழு உரம். அறுவடையில் அந்த நாலு பாரில் மூன்று கூடை அழுகல் கிழங்கு விழுந்தது. பக்கத்து நாலு பாரில் அரைக் கூடைகூடத் தேறவில்லை. இதைக் கேட்டுவிட்டு உடனே பாக்கெட் வாங்க ஓடாதீர்கள். அதே வருடம் அந்த மூலையில் முழங்கால் ஆழத்துக்கு வடிகால் வெட்டினோம். அது எட்டுப் பாருக்கும் பொது. முந்தைய வருடங்களில் அங்கே பத்துக் கூடைக்குக் குறைந்து அழுகியதில்லை. ஆக, பெரிய வேலை செய்தது மண்வெட்டிதான். தண்ணீர் நிற்கிற நிலத்தில் எந்தப் பூஞ்சையைக் கொண்டுவந்து விட்டாலும் நீந்துகிறவன்தான் ஜெயிப்பான். அழுகிவிட்ட செடியையும் இது பிழைக்கவைக்காது. அதைப் பிடுங்கித் தூரப் போடுவதுதான் வழி.

இந்த வருடக் குப்பையைப் போன வாரம் ஆத்தா கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் எட்டு நாளு போவட்டும் கண்ணு" என்றது. நேற்று நான் கடப்பாரை வைத்துப் பார்த்தேன். லேசாகச் சுடுகிறது. பாக்கெட் உள்ளறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. தேதி பார்த்துத்தான் வாங்கினேன்.