நிதானமாப் போனா ஒண்ணும் ஆகாதுங்க

"உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்ணா. அவதான் கொஞ்சம் வேகமாப் போயிட்டா" என்றார் என் டயர்க் கடை வாடிக்கையாளர், தன் மனைவியைப் பற்றி. நான் தலையாட்டினேன். ஆறு மாதம் ஆகப்போகிறது. ராத்திரி ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது அந்தத் தலையாட்டல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஜூன் கடைசி வாரம் அது. தன் போலோ காரை டயர் மாற்றிப்போடக் கொண்டுவந்திருந்தார். முன்னால் இருப்பது பின்னால், பின்னால் இருப்பது முன்னால். அரை மணி நேர வேலை. அந்த நான்கு டயரையும் ஜனவரியில் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதற்குள் செட்டிப்பாளையம் கரி ரேஸ் ட்ராக்கில் நான்கு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டார். முன் டயர்களின் காடியில், அதாவது ரப்பரில் வெட்டியிருக்கும் பள்ளத்தில், எவ்வளவு ஆழம் மிச்சம் என்று கேஜை வைத்துப் பார்த்தேன். வெளி ஓரத்தில் 2.4 மில்லிமீட்டர், நடுவில் 3.1. பின் டயர்களில் 5க்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

"இன்னும் எவ்வளவு தாங்குமுங்ணா?" என்றார்.

"மாத்திப் போட்டுட்டா இன்னும் ரெண்டு ட்ராக் டேக்குக் கவலையில்ல" என்றேன்.

அவர் மனைவி சுவரோரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, "ஏனுங்ணா, மழையில எப்படிங்க?" என்று கேட்டார்.

"நிதானமாப் போனா ஒண்ணும் ஆகாதுங்க." இதைச் சொல்லும்போது நான் அவர் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதிலைத் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறேன். எந்த டயருக்கும் அது பொருந்தும். அதனால்தான் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வருகிறது.

ஜனவரியில் அப்படிப் பேசவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். வார நாளெல்லாம் ஆபீஸ், மாதத்தில் ஒரு ஞாயிறு ட்ராக், இரண்டுக்கும் ஒரே செட் வேண்டும். நன்றாகப் பிடிக்கவும் வேண்டும், நாள்பட உழைக்கவும் வேண்டும். கேட்பவர்கள் எல்லாருமே இதைத்தான் கேட்கிறார்கள். டயரின் பக்கவாட்டில், சைடுவாலில், ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். அமெரிக்காவில் டெக்சஸ் பக்கம் சாதாரண ரோட்டில் சுமார் 11,500 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, 100 என்று வைத்திருக்கும் ஒரு டயரோடு ஒப்பிட்டுப் போடுகிற எண் அது. எண்ணைப் போடுவது டயர் கம்பெனியேதான். அதனால் ஒரு கம்பெனியின் 200ஐ இன்னொரு கம்பெனியின் 200க்குப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது. ஆனாலும் ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். 300, 400 என்றால் ரோட்டில் வருஷக்கணக்கில் உழைக்கும். ட்ராக்கில் பத்து ரவுண்டு அழுத்தி ஓட்டினால் சூட்டில் கொழகொழத்து, ஓரம் துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். 100க்குக் கீழே போனால் ட்ராக்கில் பசை மாதிரி ஒட்டும்; ஆபீஸுக்குப் போய் வந்தே தீர்ந்துவிடும். நடுவில் நிற்பது 200. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு அந்த ரகம் கிடைப்பதே அபூர்வம். என்னிடம் 195/55 ஆர் 15 அளவில் ஒரு செட் இருந்தது. கம்பெனி போட்டுக் கொடுத்த 185/60க்குப் பதிலாக அது உட்காரும், எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் லோட் இண்டெக்ஸும் குறையாது. தயாரித்த வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும் நான்கு எண்களையும் காட்டினேன். எதையும் மறைக்கவில்லை.

காத்து எவ்வளவு வைப்பது என்று மட்டும் கால் மணி நேரம் பேசியிருப்போம். வீட்டிலிருந்து கிளம்பும்போது 33 வைத்தால், நாலு ரவுண்டு முடிந்து உள்ளே வரும்போது 39, 40 காட்டும். நடு வீங்கி, பிடிப்பு போய்விடும். அதனால் குளிர்ந்திருக்கும்போது வைத்த அளவை மறந்துவிட்டு, சூட்டில் என்ன நிற்கிறது என்று பார்த்து இறக்க வேண்டும். டயரின் ஓரத்தில், ஷோல்டரில், சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொன்னேன். ட்ராக்கிலிருந்து வந்ததும் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால், திருப்பத்தில் டயர் எவ்வளவு மடங்குகிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த வாரமே போட்டோ அனுப்பினார். டயர் ஓரத்தில் இருக்கும் சிறு முக்கோண அடையாளத்தையும் தாண்டிக் கோடு காணாமல் போயிருந்தது. காத்து குறைவு, வீலின் சாய்வான கேம்பரும் பத்தவில்லை. ரெண்டு பேரும் போனிலேயே சரிபண்ணினோம். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான். அவர் ரவுண்டுக்கு ஒரு வினாடி குறைந்ததைச் சொன்னபோது, நானே ஓட்டியது போலச் சந்தோஷமாக இருந்தது.

மழையைப் பற்றி ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. ஜனவரியில் கோயம்புத்தூரில் யாருக்கு மழை ஞாபகம் வரும்?

இத்தனைக்கும் இந்த டயரின் குணமே அதில்தான் இருக்கிறது. காய்ந்த தரையில் ஏன் அப்படிப் பிடிக்கிறது? காடிகளுக்கு நடுவில் இருக்கும் ரப்பர்த் துண்டை பட்டன் என்போம்; அது ஒவ்வொன்றும் பெரிசு, நடுவில் காடி குறைவு, அதனால் ரப்பர் நிறையத் தரையைத் தொடுகிறது. புதிதிலேயே காடியின் ஆழம் சாதாரண டயரைவிடக் கம்மி; ஆழம் கம்மியாக இருந்தால்தான் பட்டன் நெளியாது. தண்ணீர் வெளியே போகிற வழியும் அதே காடிதான். எதை எடுத்துப் பிடிப்பைக் கொடுத்தார்களோ, அது மழையில் இல்லாமல் போகிறது. புதிதாக இருக்கும்போது சமாளித்துவிடும். 3 மில்லிமீட்டருக்கு வந்த பிறகு, தேங்கிய தண்ணீரில் ஓரளவு வேகம் போனால் டயர் தரையை விட்டு எழும்பித் தண்ணீர் மேலே மிதக்கும். சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். சட்டத்துக்கு இந்த டயர், அந்த டயர் என்ற வித்தியாசம் கிடையாது.

ஜூலையில் அந்தம்மா பாலக்காட்டில் இருக்கும் அம்மாவைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். தனியாகத்தான். இங்கே பளிச்சென்று வெயில். வாளையாறு தாண்டியதும் கொட்டியிருக்கிறது. அந்த ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும், ஐந்து நிமிஷத்தில் வேறு ஊர் மாதிரி ஆகிவிடும். எழுபதில் போயிருக்கிறார். நாலு வழிச் சாலையில் எழுபது ஒன்றும் வேகமில்லை. தண்ணீர் தேங்கிய ஒரு வளைவில் வண்டி சுற்றி மீடியனில் இடித்து நின்றது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அந்த லாரியை மட்டும் நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

இரண்டு வாரம் கழித்து, பாடி வேலை முடிந்து அலைன்மென்ட்டுக்கு வண்டி வந்தது. அவர் மட்டும் வந்தார். "பின்பக்கம் யாரோ புடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சுன்னு சொல்றா" என்றார். அப்போதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முன் டயர் மிதந்தால் ஸ்டீயரிங் லேசாகும், வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின் டயர் மிதந்தால் வண்டி சுற்றும், ஓட்டுபவரால் செய்யக்கூடியது அதிகம் இல்லை. ஆழம் அதிகமுள்ள டயர் பின்னால் இருக்கட்டும் என்று சொல்வது அதற்காகத்தான். நான் தேய்ந்த இரண்டையும் பின்னால் தள்ளியிருந்தேன். டயர் நாள்பட உழைக்க அதுதான் சரி. ட்ராக்குக்கும் அதுதான் சரி, முன் வீல் இழுக்கிற வண்டியில் முன்னால்தான் பிடிப்பு வேண்டும். மழைக்குத் தலைகீழ். மூன்றும் எனக்குத் தெரியும். அன்றைக்கு முதல் இரண்டை மட்டும் யோசித்தேன்.

இதெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அவர், "அவதான் கொஞ்சம் வேகமாப் போயிட்டா" என்றார். நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதிரே நிற்பவர் பேசினால் தலை தானாக ஆடும், அது ஆமாம் என்று அர்த்தமில்லை. வாடிக்கையாளர் வீட்டு விஷயத்தில் நான் என்ன சொல்வது? முன்னும் பின்னும் மாற்றிப்போடாத கடை எது? அவர் கேட்ட வேலையைத்தான் செய்தேன். பழையபடியே விட்டிருந்தாலும் முன் டயர் மிதந்து மீடியனில் போய் முட்டியிருக்கலாம். இது ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் மழையைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அந்தம்மாதான், ஓட்டப்போவதும் அவர்தான், நான் அவரைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. கடைசியில் தப்பும் அவர் பேரில் போய்விட்டது, என் தலை ஆடியதோடு. வீட்டில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம், "டயர்க் கடை அண்ணனும் அதான் சொன்னார்" என்று கணவர் சொல்லியிருப்பாரோ?

அதற்குப் பிறகு சில விஷயங்களை மாற்றிக்கொண்டேன். 200 போடக் கேட்பவரிடம், வண்டியை வேறு யார் ஓட்டுவார்கள் என்று முதலில் கேட்கிறேன். தனியாக நான்கு ரிம் வாங்கி ட்ராக் டயரை அதில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ரோட்டுக்குச் சாதாரண டயர் இருக்கட்டும் என்கிறேன். உண்மையில் சரியான வழி அது ஒன்றுதான். அபார்ட்மென்ட்டில் எங்கே வைப்பது என்பார்கள். அப்புறம் அதே ஒரே செட்தான் போடுகிறேன். கேட்டதற்கு முழுசாகப் பதில் சொல்லிவிட வேண்டும், முடிவை அவர்கள் எடுக்கட்டும், நம் வேலை அவ்வளவுதான் என்று கடைப் பையன்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த போலோவில் இப்போது ட்ரெட்வேர் 340 போட்ட சாதாரண டயர் ஓடுகிறது. கழற்றிய நான்கும் பின்கட்டில் ரேக்கில் கிடக்கின்றன. தேய்ந்த அந்த இரண்டின் நடுவில் எத்தனையோ தடவை கேஜை வைத்துப் பார்த்துவிட்டேன். 3.1தான்.

போன வாரம் அவர் போன் பண்ணினார். ட்ராக் டே தேதி சொல்லிவிட்டார்களாம், பழையபடி அதே டயர் ஒரு செட் வேண்டும். மேடம் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, திரும்ப வண்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டாள் என்றார்.

ரேக்கில் அதே அளவில் ஒரு செட் இருந்தது, பிரிக்காத லேபிளோடு. "ஸ்டாக் இல்லீங்க" என்றேன்.