ஹேமண்ட் தூக்குற வேலையும் ஜான் லார்டும்

லண்டன்ல பேக்லைன் வாடகைக்கு விடுற ஒரு கம்பெனில வேல பாக்குறேன். பேக்லைன்னா மேடைல பாட்டுக்காரங்களுக்குப் பின்னாடி நிக்கிற ஆம்ப், டிரம்ஸ், கீபோர்டு வகையறா. அதைக் கொண்டு போறது, மாட்டுறது, ரிப்பேர் பாக்குறது, ஷோ முடிஞ்சதும் நடுராத்திரில திரும்ப வேன்ல ஏத்துறது, இதான் பொழப்பு. எங்க கோடவுன்ல புக்கிங் ஷீட்ல பேரப் பாத்தாலே எல்லாரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்குற ஐட்டம் ஒண்ணு உண்டு, ஹேமண்ட் சி3 ஆர்கன், மரப்பெட்டிக்குள்ள அடங்குன மின்சார கீபோர்டு. பெடல், பெஞ்ச் எல்லாம் சேத்தா 180 கிலோவுக்கு மேல போகும், அதோட கூடவே வர்ற லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டி (உள்ள சுத்திக்கிட்டே சத்தம் போடுறது) தனியா ஒரு 60 கிலோவுக்கு மேல. லிஃப்ட் இல்லாத தியேட்டர்னா அன்னிக்கு முதுகு காலி.

நான் ராக் கேட்டு வளந்த ஆளு கிடையாது, ஊர்ல இருந்தவரைக்கும் ராஜா, ரஹ்மான் தாண்டி எதுவும் தெரியாது. டீப் பர்ப்பிள்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்ட்னா அந்த ஒரு கிதார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற அந்த சின்ன மெட்டு மட்டும் காதுல விழுந்திருக்கும், காலேஜ்ல கிதார் வாங்குன பசங்க எல்லாரும் முதல்ல அதைத்தானே வாசிப்பாங்க. அந்த பேண்ட்டோட ஆர்கன்காரர் ஜான் லார்ட் எனக்கு அறிமுகமானது ஸ்க்ரூடிரைவர் வழியாத்தான். ஒர்க்‌ஷாப்ல ஒரு பெரியவர் இருந்தாரு, எழுபதுகள்ல சின்னப் பையனா நியூகாசில் சிட்டி ஹால், மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால் மாதிரி இடங்கள்ல சாமான் ஏத்தி இறக்குன ஆளு. ஹேமண்ட் பின்பலகையக் கழட்டி உள்ள காட்டி, "இந்தப் பொட்டிய கிதார் கூட சண்ட போட வச்ச ஆளு ஒருத்தன் இருந்தான்"னு ஆரம்பிச்சாருன்னா அன்னிக்கு டீ பிரேக் நீளும்.

உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுறேன், இல்லன்னா அந்த ஆளோட வேலை புரியாது. 91 டோன்வீல், அதாவது பல்லு வெட்டுன சின்னச் சின்ன இரும்புச் சக்கரம், ஒரு மோட்டார் எல்லாத்தையும் சுத்தும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னாடி ஒரு காந்தக் கம்பி. சக்கரம் சுத்துற வேகம்தான் சுதி. ஆன் பண்றதே ஒரு சடங்கு, ஸ்டார்ட் சுவிட்ச்ச ஒரு எட்டு செகண்ட் பிடிச்சுக்கிட்டே நிக்கணும், அப்புறம் ரன் சுவிட்ச்சையும் போட்டுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு கைய எடுக்கணும், சக்கரம் வேகம் பிடிச்சா உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவ எண்ணெய் விடணும். ஒரு கட்டைய அழுத்துனா அடில ஒன்பது காண்டாக்ட் மூடும், அதுல ஒரு டிக் சத்தம் வரும், ஹேமண்ட் கம்பெனி இன்ஜினியர்களுக்கு அது ஒரு குறை, வாசிக்கிறவங்களுக்கு அதுதான் உயிர்.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. அந்த மோட்டார் மெய்ன்ஸ் கரண்ட்டோட ஃப்ரீக்வென்சிக்கு கட்டுப்பட்டு சுத்துறது. 60 ஹெர்ட்ஸ் அமெரிக்க ஆர்கன கொண்டுவந்து அப்படியே இங்க 50 ஹெர்ட்ஸ்ல சொருகுனா சுதி சுமார் ஒன்றரை கட்டை இறங்கிடும். ஜெனரேட்டர்ல ஓடுற மைதானத்து ஷோவுல ஜெனரேட்டர் கொஞ்சம் திணறுனாலே சுதி ஆடும், மத்தவங்க எல்லாரும் சரியா ட்யூன் பண்ணிட்டு நிப்பாங்க, ஆர்கன்காரர் மட்டும் திருதிருன்னு முழிப்பாரு. இது தெரிஞ்சப்புறம்தான் டீப் பர்ப்பிளோட 'மேட் இன் ஜப்பான்' லைவ் ஆல்பத்த நான் வேற மாதிரி கேக்க ஆரம்பிச்சேன். 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா, 17 டோக்கியோ புடோகான், இந்த மூணு ராத்திரில பதிவானது. ஜப்பான்ல மேற்குப் பக்கம் 60 ஹெர்ட்ஸ், கிழக்குப் பக்கம் 50, ஒசாகா ஒண்ணு டோக்கியோ ஒண்ணு, இன்னிக்கும் அப்படித்தான். ஒரே நாட்டுக்குள்ள ராத்திரிக்கு ராத்திரி கரண்ட் மாறுற ஊர்ல ஹேமண்டோட டூர் போறதுன்னா கன்வெர்ட்டர் வேணும், இல்ல ஊருக்கு ஒரு ஆர்கன் வேணும். ரசிகர்கள் சோலோவப் பத்தி பேசட்டும், எனக்கு அந்த ரோடிங்க, அதாவது டூர்ல சாமான் தூக்குறவங்க மூஞ்சிதான் கண்ணு முன்னாடி வரும்.

சரி ஆளுக்கு வரேன். ஜான் லார்ட், 1941ல லெஸ்டர்ல பொறந்தவர், சின்ன வயசுல முறையா பியானோ கத்துக்கிட்டவர், லண்டன் வந்தது நடிப்பு படிக்க. ஜிம்மி ஸ்மித் ஜாஸ் ஆர்கன் கேட்டு ஹேமண்ட் பக்கம் சாஞ்சாரு. 1968ல டீப் பர்ப்பிள். அந்த பேண்ட்ல கிதார் ரிச்சி பிளாக்மோர், அவரோ மார்ஷல் ஆம்ப் வச்சு அலறவிடுற ஆளு, லெஸ்லி ஸ்பீக்கர் நல்லா சுத்தி இனிமையா பாடும், ஆனா மார்ஷல் முன்னாடி ஒண்ணும் கேக்காது. வேற ஆளா இருந்தா பிளாக்மோர கொஞ்சம் கொறைச்சுக்கோன்னு கெஞ்சியிருப்பான் (கொறச்சிருப்பாரா என்ன). லார்ட் ஆர்கனையே தூக்கி மார்ஷல்ல சொருகிட்டாரு. 1970ல வந்த 'இன் ராக்' ஆல்பத்துல கேக்குற அந்த கரகரப்பு, கிதாரா ஆர்கனான்னு பிரிக்க முடியாத அந்த உறுமல் இப்படி வந்ததுதான். பெரியவர் சண்டன்னு சொன்னது இதைத்தான்.

சத்தம் சத்தம்னு போனதுல 1972ல லண்டன் ரெயின்போ தியேட்டர்ல 117 டெசிபல், கூட்டத்துல மூணு பேர் மயங்கி விழுந்தாங்கன்னு கின்னஸ்ல ஏறுச்சு. இதைப் பெருமையா சொல்றவங்க இருக்காங்க, எனக்கு இதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்து ஆளுங்க பாதிப் பேருக்கு இப்ப காது கேக்காது, எங்க பெரியவருக்கும் இடது பக்கமா நின்னு பேசுனா பதில் வராது. மானிட்டர்னு, அதாவது வாசிக்கிறவங்க தங்க சத்தத்த கேக்க வைக்கிற ஸ்பீக்கர்னு, மேடைல இருந்ததெல்லாம் பேருக்குத்தான். ஜப்பான் ரெக்கார்டுலயே பாடகர் இயன் கில்லன் மைக்ல கேக்குறது இருக்கு, எல்லாத்தையும் மத்த எல்லாத்தையும் விட சத்தமா வைக்க முடியுமான்னு. மானிட்டர் மிக்ஸ் பண்ற எந்த ஆளுகிட்ட சொன்னாலும் சிரிப்பான், ஏன்னா இன்னிக்கும் தினம் கேக்குற கோரிக்கை அதுதான்.

அதனால அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரல. மோசமான ராத்திரிங்க நிறைய இருந்திருக்கும், அதெல்லாம் யாரும் ரெக்கார்டு போடல. ஆனா ஒண்ணு இருந்துச்சு, பாட்டு எப்ப முடியும்னு மேடைல இருக்குற யாருக்கும் முன்கூட்டி தெரியாது. 'ஸ்பேஸ் டிரக்கின்' ஸ்டுடியோல நாலரை நிமிஷம், ஜப்பான்ல கிட்டத்தட்ட இருபது நிமிஷம், டபுள் எல்பில ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பாட்டு. 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டுல கிதார் ஒண்ணு சொல்ல கில்லன் தொண்டைல அதையே திருப்பிச் சொல்ல, அது ஏறிக்கிட்டே போகும், நம்ம கச்சேரில வயலின்காரர் பாடகர் வாயையே பாத்துட்டு இருப்பாரே அந்தக் கவனம். லார்டும் டிரம்மர் இயன் பெய்ஸும் கீழ பிடிச்சிட்டு நிப்பாங்க, எப்ப திரும்பணும்னு சைகைதான். லைட்காரன், சவுண்ட்காரன், ஓரத்துல நிக்கிற ரோடி வரைக்கும் எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கணும், வேற வழியே இல்ல.

இப்ப நாங்க பண்ற ஷோ பெரும்பாலும் க்ளிக் ட்ராக்ல, அதாவது தாளம் காட்ட முன்கூட்டியே பதிவு பண்ணி வச்ச டிக் டிக் சத்தத்துல ஓடுறது. எல்லார் காதுலயும் இன்-இயர் இயர்ஃபோன், அதுல டிக் டிக், லைட்டு வீடியோ எல்லாம் டைம்கோட்ல, அதே நேரக்கணக்குல கட்டியிருக்கும். சுத்தமா இருக்கும், பத்திரமா இருக்கும், காதும் பொழச்சுது, ஒத்துக்குறேன். ஆனா ஒரு ஷோல, எதுன்னு வேணாம், ஜனங்க விடாம பாடுறாங்கன்னு பாடகர் உணர்ச்சிவசப்பட்டு கோரஸ இன்னொரு சுத்து போலாம்னு கைய தூக்கிட்டாரு, க்ளிக் நிக்குமா, பின்னாடி ஸ்கிரீன்ல அடுத்த பாட்டு வீடியோ வந்துருச்சு, டிரம்மர் எதைக் கேக்குறதுன்னு தெரியாம ரெண்டு பக்கமும் பாக்குறாரு. யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது, அந்த ஷோல பாடகருக்கு ஆசை வர்றதுக்கு இடமே விடல, அவ்ளோதான்.

லார்ட் இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் போயிருக்காருங்கிறதுதான் எனக்கு அவர் மேல மரியாதை வந்த காரணம். 1969 செப்டம்பர் 24, ராயல் ஆல்பர்ட் ஹால்ல பேண்டையும் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவையும் சேத்து உக்கார வச்சு அவரே எழுதுன கான்செர்டோவ (ஆர்க்கெஸ்ட்ராவோட வாசிக்கிற பெரிய இசைப் படைப்பு) போட்டாரு, கண்டக்டர் மால்கம் ஆர்னல்ட். அங்க எல்லாமே தாள்ல எழுதுனது, ஆனா பேண்ட் வாசிக்கிற இடத்துல மட்டும் திறந்து விட்டிருப்பாரு. 1970ல அந்த ஸ்கோர், அதாவது இசை எழுதுன தாள்கட்டு, தொலைஞ்சே போச்சு. நெதர்லாந்துல மார்கோ டி கோய்ன்னு ஒரு இளைஞர் ரெக்கார்டிங்கையும் வீடியோவையும் பாத்து பாத்து திரும்ப எழுதி, லார்டும் உக்காந்து சரி பண்ணி, 1999ல அதே ஹால்ல லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவோட மறுபடி வாசிச்சாங்க. முப்பது வருஷம் கழிச்சு காதால கேட்டு ஒரு ஸ்கோர மீட்டிருக்காங்க, கேபிள் லேபிள் தொலைஞ்சாலே எங்க கோடவுன்ல ஒரு நாள் போயிடும்.

2002ல பேண்ட விட்டு விலகுனாரு. எழுபதுகள்ல ஃப்ளீட்வுட் மேக் பேண்ட்டோட கிறிஸ்டின் மெக்வீகிட்ட வாங்கி அதுவரைக்கும் வாசிச்ச அந்த ஹேமண்ட அவருக்கப்புறம் வந்த டான் ஏரிகிட்ட கொடுத்துட்டாரு. 2012 ஜூலை 16ல இறந்தப்ப 71 வயசு. அன்னிக்கு ஒர்க்‌ஷாப்ல பெரியவர் ஒண்ணும் பெருசா பேசல, எங்க சி3க்கு எண்ணெய் விட இன்னும் நாள் இருந்துச்சு, ஆனா அன்னிக்கே விட்டாரு.

இப்ப வாடகைக்குப் போறது முக்கால்வாசி ஹேமண்ட் சத்தத்த டிஜிட்டல்ல நகலெடுக்குற குளோன் கீபோர்டுதான், ஒரு கைல தூக்கிடலாம், அந்த டிக் சத்தம் கூட மெனுல ஏத்தி இறக்கலாம். எனக்கு அதுல புகார் இல்ல, என் முதுகுக்கு அது தெய்வம். புதுசா சேந்த ஒரு பையன் இதுல மார்ஷல் சத்தம் எதுக்கு ஒரு பிரீசெட்டா (தயாரா வச்சிருக்குற செட்டிங்) இருக்குன்னு கேட்டான். 'மேட் இன் ஜப்பான்'ல 'லேசி' பாட்டோட ஆரம்பத்த மட்டும் கேட்டுட்டு வா, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்னேன். மறுநாள் வந்து, "அண்ணா கேட்டேன், கிதார் செமயா இருந்துச்சு, ஆனா ஆர்கன் எப்ப வரும்?"ங்கிறான்.