சின்ன வண்டி ஓடும்போது எழுந்து போகாதீர்கள்

இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் மோதும் டிராக் (drag) ரேஸ் பார்க்க நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை வரை போக வேண்டும். ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வரும் நம்ம ஊர்ப் பையன்கள், 165 சிசி வண்டிகள் வரிசைக்கு வந்ததும் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஹயபுசா என்ற பெரிய பைக்கின் சத்தம் கேட்டால்தான் திரும்புகிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எனக்கு இது மனசு பொறுக்கவில்லை.

பந்தய தூரமான 402 மீட்டரை ஹயபுசா பத்து செகண்ட் வாக்கில் முடித்துவிடும். பிரம்மாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் சின்ன வண்டிகளில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் ஸ்டார்ட்டிலேயே முடிவாகிவிடுகிறது. ஸ்டார்ட்டில் நிற்கும் விளக்குக் கம்பத்தின் உச்சியைப் பாருங்கள். முன் டயர் மெல்ல உருண்டு வந்ததும் ஒரு பல்பு எரியும். இன்னும் ஏழு அங்குலம் நகர்ந்தால் அடுத்தது: வண்டி ஸ்டார்ட் கோட்டுக்கு வந்துவிட்டது. அந்த ஏழு அங்குலத்தைப் பையன் காலால் உந்தி உந்திக் கடப்பான். கிளச் விரல் நடுங்கும். அப்புறம் மஞ்சள் விளக்குகள். பச்சை விழட்டும் என்று காத்திருந்தால் தாமதம், அவசரப்பட்டால் சிவப்பு விழுந்து தோல்வி.

டயர் ஸ்டார்ட் கோட்டிலிருந்து நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்பது கேலரியில் பலருக்குத் தெரியாது. ஒருவன் 14.20 செகண்டில் ஓடுகிறான், ஆனால் பச்சை விழுந்து 0.35 கழித்துக் கிளம்பினான்: மொத்தம் 14.55. பக்கத்தில் இருப்பவன் 14.31தான், ஆனால் 0.12இல் கிளம்பிவிட்டான்: 14.43. வேகம் குறைந்த வண்டி முதலில் போய்ச் சேர்கிறது! இதை மைக்கில் சொன்னால் யார் எழுந்து போவார்கள்?

அமெரிக்காவில் அமெச்சூர்களுக்கு பிராக்கெட் ரேஸ் என்றே ஒரு முறை உண்டு. எத்தனை செகண்டில் ஓடுவேன் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசம் அளவுக்கு முன்னாலேயே பச்சை விழும். சொன்னதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. வீட்டு வண்டியும் அசுர வண்டியும் சமமாக மோதலாம்.

தூத்தூர் பக்கம் கால்பந்து ஆட்டத்துக்குக் கூட்டம் அலைமோதுவது ஏன்? ஆடுபவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். டிராக் ரேஸிலும் பையனின் பெயர், ஊர், முந்தின ஓட்டத்தின் நேரம் மூன்றையும் மைக்கில் சொல்லட்டும்.

நீங்களும் இடைவேளையில், அனுமதி இருந்தால், வண்டி நிறுத்துமிடத்துக்குப் போங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தில், எத்தனை பல் என்று கேளுங்கள், ஆசையாகக் குனிந்து காட்டுவார்கள்.