நத்தையைச் செடியில் தேடாதீர்கள்

பீன்ஸ் விதை போட்டு ஏழாம் நாள் பதினான்கு முளைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்திருந்தன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போனேன். காலையில் போய்ப் பார்த்தால் ஐந்துதான் மிச்சம். மற்ற இடங்களில் ஒடித்த தீக்குச்சியை நட்டு வைத்ததுபோல வெறும் தண்டு, சில இடங்களில் அதுவும் இல்லை. முதலில் எலி என்று நினைத்தேன், அப்புறம் பறவையாக இருக்குமோ என்று சந்தேகம். குனிந்து பார்த்தபோதுதான் பாத்தியின் ஓரத்திலிருந்து பக்கத்துத் தொட்டி வரைக்கும் ஒரு கோடு காய்ந்துபோய் வெயிலில் வெள்ளியாக மினுங்கியது தெரிந்தது. ஓடில்லாத நத்தை போன தடம்.

அந்தத் தடம்தான் இதில் உறுதியான அடையாளம். இலையில் ஓட்டை இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. புழு தின்றிருந்தால் பெரும்பாலும் கீழ் இலையில் அதன் எச்சம் கருப்பாக, மணி மணியாக உதிர்ந்து கிடக்கும். நத்தை தின்ற இடத்தில் சளி காய்ந்து பளபளப்பாக இருக்கும், ஓட்டைகளும் ஒரு ஒழுங்கில்லாமல் இலையின் நடுவிலும் ஓரத்திலும் இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். நான் அன்றைக்கு இரவே போனேன்.

மிச்சமிருந்த ஐந்தில் ஒன்றின் மேல், என் சுண்டு விரல் நீளத்தில், சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. வெளிச்சம் பட்டதும் மேலே இருந்த இரண்டு கொம்புகளையும் லேசாக உள்ளே இழுத்துக்கொண்டது, ஆனால் தின்பதை நிறுத்தவில்லை. தலைக்குப் பின்னால் வலப்பக்கத்தில் சின்னதாக ஒரு துளை திறப்பதும் மூடுவதுமாக இருந்தது, அது மூச்சு விடுகிற துளை. நத்தை கடித்துத் தின்பதில்லை. அதன் நாக்கில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான பற்கள் வரிசையாக இருக்கின்றன, அதை அரம் மாதிரி தேய்த்துத் தேய்த்துச் சுரண்டுகிறது. பெரிய இலையாக இருந்தால் ஓர் ஓட்டையோடு போய்விடும். இரண்டு இலை மட்டுமே இருக்கிற முளைக்கு அது உயிர் போகிற விஷயம். அன்றைக்கு அந்தப் பாத்தியில் மட்டும் முப்பத்தொன்று எடுத்தேன். மறுநாள் இரவு போனால் இருபத்தாறு இருந்தன.

தினமும் இப்படியே பொறுக்கிக்கொண்டிருந்தால் சரிப்படாது, இவை பகலெல்லாம் எங்கே இருக்கின்றன என்ற கேள்வியே எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. பதில் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாத்தியை ஒட்டிப் பழைய தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன், பக்கத்தில் ஒரு கோணிச் சாக்கு மடித்துக் கிடந்தது, மண் காயக்கூடாது என்று சருகை முளைகளின் தண்டு வரைக்கும் பரப்பியிருந்தேன். போதாக்குறைக்குத் தண்ணீர் ஊற்றுவது மாலையில். நத்தையின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், மேலே ஓடும் கிடையாது, வெயில் பட்டால் காய்ந்துவிடும். அதனால் பகலில் அதற்கு ஈரமும் இருட்டும் உள்ள இடம் வேண்டும், இரவில் ஊர்ந்து போக ஈரத் தரை வேண்டும். இரண்டையும் நானே ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்.

சாக்கைத் தூக்கினால் அடியில் பதினைந்து நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு தொட்டியை நகர்த்தியபோது மண்ணில் ஒரு சின்னக் குழியில் கண்ணாடி மணி மாதிரி, உள்ளே வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளை முட்டைகள் கொத்தாக இருந்தன, முப்பதுக்குக் குறையாது. நத்தையில் ஆண், பெண் என்று தனித்தனியாகக் கிடையாது, ஒவ்வொன்றும் முட்டை போடக்கூடியது. எனவே அந்த ஒரு கொத்தை எடுப்பது ஓர் இரவு முழுக்க டார்ச்சோடு அலைவதற்குச் சமம். அன்றைக்கே தொட்டிகளை வெயிலுக்கு மாற்றினேன், சருகைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒதுக்கினேன், தண்ணீரைக் காலைக்கு மாற்றினேன். காலையில் ஊற்றினால் பொழுது சாய்வதற்குள் மேல்மண் காய்ந்துவிடும், வேர் மட்டத்தில் ஈரம் நிற்கும். காசு செலவில்லாமல் இதைவிடப் பலன் தந்த வேறொன்றை நான் பார்க்கவில்லை.

எல்லா மறைவிடத்தையும் எடுத்துவிட்ட பிறகு ஒன்றே ஒன்றை மட்டும் நாமே வைக்க வேண்டும். ஒரு பழைய பலகையைச் சின்னக் கற்களின் மேல், அடியில் விரல் நுழைகிற இடைவெளி விட்டு மாலையில் வைத்துவிடுங்கள். காலையில் புரட்டினால் வேறு இடம் கிடைக்காததெல்லாம் அங்கேதான் இருக்கும். சோப்புத் தண்ணீர் உள்ள வாளியில் போட்டுவிடலாம். உப்பு மட்டும் வேண்டாம், அது மண்ணில் இறங்கிச் செடியின் வேரைக் கெடுத்துவிடும்.

கையுறை இல்லாமல் எடுக்காதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு வகைப் புழு, எலி எச்சம் வழியாக நத்தைக்குள் வரும். அது மனிதர் உடம்புக்குள் போனால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சி வரலாம். தோட்டத்து இலை எதையாவது பச்சையாகச் சாப்பிடுகிறவர்கள் ஒவ்வோர் இலையாகப் பிரித்துக் கழுவுங்கள், மடிப்புக்குள் குட்டி நத்தை இருந்தால் லேசில் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

இனி, எல்லோரும் சொல்கிற வைத்தியங்கள். முட்டை ஓட்டை நொறுக்கிச் சுற்றிப் போடு, செம்புப் பட்டை ஒட்டு, கூர்மணல் கொட்டு என்பார்கள். நானும் முட்டை ஓடு போட்டேன், அதன் மேலேயே சளித் தடம் இருந்தது. பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூர்மணல், மரப்பட்டைத் துண்டுகள், கம்பளி உருண்டை ஆகிய ஐந்தையும் லெட்டூஸ் கீரைச் செடிகளைச் சுற்றி வைத்துப் பார்த்து, எதுவும் வைக்காத செடிகளோடு ஒப்பிட்டால் சேதத்தில் வித்தியாசமே இல்லை என்று 2018இல் சொன்னது. காப்பித்தூளைத் தூவினால் நத்தை வராது என்ற கதைக்கு மட்டும் ஓர் அடிப்படை உண்டு. காப்பியில் உள்ள காஃபீனை 1 முதல் 2 சதவீதம் கலந்த கரைசல் நத்தையைக் கொல்கிறது என்று 2002இல் நேச்சர் அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் நாம் குடிக்கும் காப்பியில் அந்த அளவில் சின்னப் பங்குதான் இருக்கும், வடிகட்டிய சக்கையில் அதைவிடக் குறைவு. அதை உரக்குழியில் போடுங்கள், அங்கே பயன்படும்.

பீர் ஊற்றிய கிண்ணம் வேலை செய்யும். நத்தையை இழுப்பது ஈஸ்ட் புளிக்கிற வாசனை என்பதால் சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் கலந்து வைத்தாலும் போதும். கிண்ணத்தைத் தரை மட்டத்துக்குப் புதைக்காமல் விளிம்பு 2 சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி வையுங்கள். இல்லையென்றால் இரவில் தரையில் ஓடும் கருப்பு வண்டுகளும் விழுந்து சாகும், அவை நத்தையைத் தின்கிற வண்டுகள்.

மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். மெட்டால்டிஹைடு என்று இருந்தால் தொடாதீர்கள். நாய், பூனை தின்றால் உயிருக்கே ஆபத்து, பிரிட்டனில் 2022இலிருந்து வெளியிடங்களில் அதைப் பயன்படுத்தவே தடை. அயர்ன் பாஸ்பேட் குருணை அதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. அதைத் தின்ற நத்தை தீனியை நிறுத்திவிட்டு மண்ணுக்குள் போய்ச் சாகும், செத்த உடல் மேலே கிடக்காது. இது தெரியாமல் மருந்து வேலை செய்யவில்லை என்று மேலும் மேலும் கொட்டுகிறவர்கள் உண்டு. குவியலாக வைக்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவினாலே போதும். நத்தைக்குள் புகுந்து கொல்லும் நுண்புழுக்களையும் சில நாடுகளில் விற்கிறார்கள், தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்ற வேண்டும், கிடைத்தால் நல்ல வழி.

என்னைக் கேட்டால் மருந்துக்கு முன்னால் நாற்றின் வயதைத்தான் பார்ப்பேன். நத்தைக்குப் பிடித்தது இளந்தண்டு. தண்டு முற்றிய செடியில் நாலு ஓட்டை விழுந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டாம் முறை பீன்ஸைத் தட்டில் முளைக்க விட்டு, தட்டை மேஜை மேல் வைத்து, நாலைந்து இலை விட்ட பிறகுதான் தரையில் நட்டேன். முதல் பத்து நாளுக்கு ஒவ்வொன்றின் மேலும் அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை மண்ணில் ஒரு விரல் ஆழம் அழுத்திக் கவிழ்த்தேன், மூடியைத் திறந்து வைத்தேன். கவிழ்க்கும் முன் உள்ளே மண்ணைக் கிளறிப் பாருங்கள். நான் ஒன்றில் பார்க்காமல் விட்டேன், உள்ளேயே மாட்டிக்கொண்ட நத்தை அந்த நாற்றை முழுசாக முடித்துவிட்டது.

எல்லா நத்தையும் செடியைத் தின்பதில்லை என்பதும் இதற்குள் தெரிந்துகொண்டதுதான். பிரிட்டனில் உள்ள 44 வகை ஓடில்லாத நத்தைகளில் தோட்டச் செடிகளைத் தின்பவை 9 மட்டுமே என்கிறது அதே சொசைட்டி, 2022லிருந்து அவர்கள் நத்தையைப் பூச்சிப் பட்டியலில் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். மக்கிய இலையைத் தின்று மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிறவை நிறைய. அதனால் உரக்குழியில் இருப்பவற்றை இப்போது நான் தொடுவதில்லை, நாற்றுப் பாத்தியைச் சுற்றி மட்டும்தான் பலகை வைக்கிறேன்.

உடைந்த தொட்டி ஒன்றை நிழலான மூலையில் கவிழ்த்து வைத்திருந்தேன், ஒரு வாரம் முன்பு அதற்குள் நத்தையைத் தின்கிற தேரை ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. பூச்சிமருந்து எதுவும் அந்தப் பக்கம் அடிப்பதில்லை. நேற்று காலை பலகையைப் புரட்டினேன், நான்கு நத்தைகள்தான் இருந்தன. பீன்ஸ் பந்தலைப் பிடித்துவிட்டது, கீழ் இலைகளில் மட்டும் சில ஓட்டைகள்.